நனைந்த சீட்டுக்கு ஒரு பக்கம்

“ஊர்ப் பேரை மட்டும் மாத்தி அனுப்புங்க மேடம். வேற எதையும் நோண்ட வேண்டாம்.”

எங்கள் தென்காசி பஸ் டெப்போ மேலாளர் இப்படிச் சொல்லித்தான் அந்த ஃபைலை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். மின்சார பஸ் எடுப்பதற்கும், அதற்கு சார்ஜ் ஏற்றும் வசதி அமைப்பதற்குமான டெண்டர் ஆவணம். நான் அங்கே உதவிப் பொறியாளர். பிரேக், டயர், டீசல் என்று பதினைந்து வருஷமாகக் கையில் கிரீஸோடு அலைகிறவள். மின்சார பஸ்ஸைப் பற்றி எனக்கும் ஒன்றும் தெரியாது, மேலாளருக்கும் தெரியாது. ஆனால் தெரியாத வேலைக்கென்று எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. வேறொரு ஊர் செய்ததை வாங்கி, அந்த ஊர்ப் பேரை அடித்துவிட்டு நம் ஊர்ப் பேரை எழுதி மேலே அனுப்பிவிடுவது. யாரும் அதைத் தப்பென்று நினைப்பதில்லை. அதுவரைக்கும் நானும் நினைத்ததில்லை, சும்மா சொல்லக் கூடாது.

வந்த ஃபைல் கடலோரத்துப் பெருநகரம் ஒன்றுக்காகத் தயாரித்தது. உட்கார்ந்து படித்தேன். உப்புக் காற்றில் துருப்பிடிக்காத பெயின்ட் வேண்டும் என்றது. குற்றாலத்தில் ஏதய்யா உப்புக் காற்று? மெட்ரோ ரயில் நிலையத்து வாசலில் பஸ் நிற்க இடம் வேண்டும் என்றது. குற்றாலம் போகிற வழியில் இருக்கிற மேலகரத்துக்கு மெட்ரோ வந்தால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள், மாலையோடு வருகிறேன். தரையை ஒட்டித் தாழ்ந்த பஸ் வேண்டும் என்றது. ஐந்தருவி போகிற வழியில் இருக்கும் வேகத்தடைகளில் அது வயிற்றை உரசிக்கொண்டு அங்கேயே படுத்துவிடும். முதல் பத்துப் பக்கம் முடிவதற்குள் எனக்குத் தலைவலி வந்துவிட்டது.

ஃபைல் வந்த செய்தி அன்று மத்தியானமே டெப்போ முழுக்கப் பரவிவிட்டது. முதலில் என் அறைக்கு வந்தவர் தென்காசி – குற்றாலம் டவுன் பஸ்ஸை இருபது வருஷத்துக்கும் மேலாக ஓட்டுகிற டிரைவர். எல்லோருக்கும் அவர் பாய். எனக்கு அண்ணன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என்னைத் ‘தங்கச்சி’ என்று கூப்பிட்டார். மற்ற டிரைவர்கள் முன்னால் மேடம் என்பார்கள், பின்னால் என்னென்னவோ சொல்வார்கள். பாய்க்கு முன்னாலும் பின்னாலும் நான் தங்கச்சிதான்.

“தங்கச்சி, கரண்டு வண்டியில கிளட்ச் கெடையாதுல்லா?”

“கிடையாதுண்ணே. கியரும் கிடையாது.”

“அப்ப எடது காலுக்கு என்ன வேல?”

“ஒரு வேலையும் இல்ல. சும்மா வச்சிருக்க வேண்டியதுதான்.”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இடது முழங்காலைத் தடவிக்கொண்டார். அந்த முழங்கால் தேய்ந்துபோய் இரண்டு வருஷமாகிறது. சீசன் நேரத்தில் குற்றாலம் ரோட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும். சாரல் ஆரம்பித்துவிட்டால் காரும் வேனும் ஆட்டோவும் அடைத்துக்கொண்டு நிற்கும். பஸ் பத்தடி நகரும், நிற்கும், திரும்பப் பத்தடி நகரும். ஒவ்வொரு பத்தடிக்கும் கிளட்சை மிதிக்க வேண்டும். எங்கள் பழைய வண்டிகளின் கிளட்சோ முழு உடம்பையும் போட்டு அழுத்தினால்தான் இறங்கும். டிரிப் முடிந்து இறங்கும்போது பாய் வலது காலை முதலில் ஊன்றிக்கொண்டு, இடது காலை இரண்டு கையாலும் தூக்கி வெளியே எடுப்பார். பள்ளிவாசலில் கீழே உட்கார முடியாமல் நாற்காலி போட்டுத் தொழுகிறார். கிளட்ச் மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியாயிற்று.

“எந் தம்பி சவூதியில ஆட்டோமேட்டிக் பஸ் ஓட்டுதான். எடது கால மடக்கிப் போட்டுக்கிட்டு ராசா மாதிரி இருக்கேங்கான். எனக்கு இன்னும் மூணு வருசம் சர்வீஸ் கெடக்கு தங்கச்சி. ஸ்டேரிங்ல இருந்துதான் ரிட்டயர் ஆவணும். கேட்ல உக்கார வச்சு, போற வார வண்டிக்கு டைம் எழுதச் சொல்லிட்டாவன்னா என்னால தாங்க முடியாது. கரண்டு வண்டி வந்தா நமக்குத்தான?”

“வேற யாருக்குண்ணே? குத்தாலம் ரூட்டுக்குத்தான வருது.”

அப்போது நான் ஃபைலைப் பாதிகூடப் படித்திருக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது.

மறுநாளிலிருந்து டூட்டி முடிந்ததும் பாய் நேராக என் அறைக்கு வந்துவிடுவார். “இன்னைக்கு என்ன போட்டிருக்கு, வாசிங்க” என்பார். நான் ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் சொல்வேன். ஒரு நாள் சீட் விவரம் வந்தது. உள்ளே நுரைப் பஞ்சு, மேலே மெத்தென்ற துணி.

“துணியா? வெளங்கிரும்!” என்று பாய் சிரித்தார். “மெயின் அருவியில எண்ணெயத் தேச்சுக் குளிச்சுட்டு, அந்த ஈரத்தோடயே அஞ்சருவிக்கு நம்ம வண்டியிலதான ஏறுதாவ? துண்டக்கூடப் பிழியாம சொட்டச் சொட்ட உக்காருதாவ. பஞ்சு அம்புட்டையும் குடிச்சுக்கிட்டு ஒரே வாரத்துல நாறிப்போவும். பொறவு மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் ஓட்டணும்.”

எனக்குச் சுருக்கென்றது. நானும் இந்த ஊர்க்காரிதான், கல்யாணத்துக்கு முன்பு வரைக்கும் அருவிக்கு அருவி ஈரப் பாவாடையோடு பஸ் ஏறினவள்தான். எனக்கு இது தோன்றவில்லையே! அன்றைக்கே உட்கார்ந்து முழுசாக ஒரு பக்கம் எழுதினேன். கெட்டியான பிளாஸ்டிக் சீட், தண்ணீர் வடிய சீட்டில் ஓட்டை, காலடியில் வழுக்காத விரிப்பு. தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. பயணிகள் ஏன் ஈர உடையுடன் பயணிக்கின்றனர் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். துடைத்துக்கொண்டு ஏறும்படி அறிவிப்புப் பலகை வைக்க இயலுமா என்றும் கேட்டிருந்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கடிதத்தைச் சுருட்டி ஜன்னல் வழியாக எறிந்துவிட்டு, அப்புறம் ஃபைலில் சேர்க்க வேண்டுமே என்று நானே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். கடைசி வரியில் புகைப்பட ஆதாரம் வேறு கேட்டிருந்தார்கள்.

ஆதாரம்தானே? ஒரு ஞாயிற்றுக்கிழமை பாயின் வண்டியில் ஏறி, குற்றாலத்தில் ஏறுகிறவர்களையும் அவர்கள் எழுந்து போன பிறகு குளமாகிக் கிடந்த சீட்டையும் போனில் படம் எடுத்தேன். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சொட்டச் சொட்ட ஏறிய ஓர் அம்மாள் என் கையைத் தட்டிவிட்டாள்.

“ஏட்டி, எதுக்கு என்னப் போட்டோ புடிக்க?”

நான் முழிப்பதற்குள் பாய் டிரைவர் சீட்டிலிருந்து திரும்பினார். “கவர்மெண்டுக்கு அனுப்பத்தான் ஆச்சி. நீங்க நனஞ்சது நெசந்தானான்னு கேக்காவ.”

“வந்து குளிச்சுப் பாக்கச் சொல்லு!” என்றாள் அவள். பஸ்ஸே சிரித்தது. அவள் சொன்னதையும் சேர்த்து எழுதி அனுப்பலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன்.

சார்ஜர் கதை இதைவிட மோசம். அதற்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். எத்தனை பஸ் என்று எழுதிக் கொடுத்தால்தான் எவ்வளவு கரண்டு தர முடியும் என்று பார்ப்போம் என்றது கரண்டு ஆபீஸ். எவ்வளவு கரண்டு கிடைக்கும் என்று தெரிந்தால்தான் எத்தனை பஸ் என்று சொல்வோம் என்றது தலைமை அலுவலகம். இரண்டுக்கும் நடுவில் நான் நாயாக அலைந்தேன். ஒரு வழியாக வரைபடம் வந்தது. பார்த்தால், பஸ் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் சார்ஜரைப் போட்டிருந்தார்கள். நாள் முழுக்கக் குழாயில் தண்ணீர் பீய்ச்சுகிற இடம்! வரைந்த மகராசன் இந்தப் பக்கமே எட்டிப் பார்த்திருக்க மாட்டான்.

பாய்தான் ஒரு மழை நாளில் குடையைப் பிடித்துக்கொண்டு, நொண்டி நொண்டி டெப்போவைச் சுற்றினார். தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, எது எப்போதும் மேடு என்று காட்டிக்கொண்டே வந்தார். பழைய டயர்கள் குவிந்து கிடந்த மூலைதான் மேடு. “இங்கன போடச் சொல்லுங்க” என்றார். அடுத்த வாரம் அந்த டயர்களை ஆள் வைத்து அகற்றியபோதும் கூடவே நின்றார். வீட்டில் கல்யாணம் வைத்திருக்கிறவர் பந்தல் போடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாரே, அப்படி ஒரு முகம்.

முழங்கால் வீங்கி அவர் நான்கு நாள் லீவு போட்டிருந்தபோதுதான் ஃபைலின் மிச்சத்தைப் படித்தேன். நடுவில் ஒரு பக்கம். பஸ்களை ஒப்பந்தக் கம்பெனியே கொண்டுவரும், கம்பெனியே பராமரிக்கும். ஓட்டுநர்களையும் கம்பெனியே நியமித்துக்கொள்ளும். நடத்துநர் மட்டும் நம் ஆள். அந்த வரியை மூன்று தடவை படித்தேன். எழுந்து மேலாளரிடம் போனேன்.

“எல்லா ஊர்லயும் அப்படித்தான் மேடம். வண்டி அவங்களோடது, டிரைவரும் அவங்களோட ஆளு.”

“நம்ம டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுத்து அவங்களே ஓட்டணும்னு ஒரு திருத்தம் சேர்க்கலாமா சார்? உள்ளூர்த் திருத்தம்னு தனியா படிவம் இருக்கே.”

“சேர்க்கலாம். யாரு வேண்டாம்னா?” என்றார் அவர். “சீட்டு, பெயின்ட்டுன்னு கேட்டா எழுதிக்குவாங்க. டிரைவர் மேல கை வச்சா மொத்த ஃபைலும் திரும்பி வரும். அப்புறம் அடுத்த சீசனுக்கும் வண்டி வராது. உங்க இஷ்டம்.”

என் இஷ்டம். அதுதான் இன்றைக்கு வரைக்கும் குத்துகிறது. யாரும் என் கையைக் கட்டிப் போடவில்லை. ஒரு வருஷம் அலைந்த அலைச்சல், டிரான்ஸ்ஃபார்மர், டயர் மூலை எல்லாம் திரும்பவும் முதலிலிருந்தா என்று மலைத்துப்போனேன். முதலில் வண்டி வந்து சேரட்டும், டிரைவர் விஷயத்துக்குத் தனியாக எழுதிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். படிவத்தில் திருத்தங்களுக்குப் பன்னிரண்டு கட்டம் இருந்தது. சீட்டு, ஓட்டை, விரிப்பு, பஸ்ஸின் உயரம், சார்ஜருக்கு மேல் கூரை என்று பதினொன்றை நிரப்பினேன். பன்னிரண்டாவது கட்டத்தில் ஒரு கோடு போட்டு அனுப்பினேன்.

லீவு முடிந்து வந்த அன்றே பாய் கேட்டார். “மிச்சத்துல என்ன போட்டிருக்கு தங்கச்சி?”

“எல்லாம் சட்ட சமாச்சாரம்ண்ணே. நமக்கு அதுல ஒண்ணும் இல்ல.”

தலையாட்டிக்கொண்டார். டாக்டரிடம் பேசி, வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு, அந்த சீசனையும் கிளட்சை மிதித்தே ஓட்டினார். கரண்டு வண்டி வருகிற வரைக்கும்தானே என்பார். ஒவ்வொரு தடவை அவர் அதைச் சொல்லும்போதும் எனக்கு ஏதாவது அவசர வேலை வந்துவிடும்.

ஒரு வழியாக சோதனை ஓட்டத்துக்கு ஒரு பஸ் வந்து சேர்ந்தது. வெள்ளையும் பச்சையுமாக, சத்தமில்லாமல் உள்ளே நுழைந்தது. நீல பிளாஸ்டிக் சீட்டுகள், ஒவ்வொன்றிலும் வரிசையாக ஓட்டை. நான் எழுதினது! விரலை விட்டுப் பார்த்தேன். எனக்கு ஏற்பட்ட பெருமையில் மற்றதெல்லாம் மறந்துபோனது.

புது வண்டி வந்தால் டெப்போவில் பூஜை போடாமல் விட மாட்டார்கள். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கண்ணாடிக்கு, கதவுக்கு, ஸ்டேரிங்குக்கு சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். எங்கள் மெக்கானிக் ஒருவருக்குத் திருப்தி வரவில்லை. பழைய வண்டியில் எஞ்சினுக்குப் பொட்டு வைப்பாராம், இதில் எஞ்சினே இல்லையாம். பக்கவாட்டில் இருந்த சின்ன மூடியைத் திறந்து, சார்ஜர் மாட்டுகிற ஓட்டைகளுக்குள் விரலை விட்டு, ஒன்றுவிடாமல் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமமும் வைத்துவிட்டார். “கரண்டு ஏறுத எடம்லா, இங்கன வைக்காம வேற எங்கன வைக்க?” சந்தனத் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது யார் தெரியுமா? பொறியியல் படித்த நான்தான். நல்ல பொருத்தமான இடம் என்று நினைத்தேன்.

சார்ஜரை மாட்டினால் சிவப்பு விளக்கு எரிந்தது. எடுத்து மாட்டினால் திரும்பவும் சிவப்பு. கம்பெனி இன்ஜினியர் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் போராடினார். யார் யாருக்கோ போன் போட்டார். டிரான்ஸ்ஃபார்மர் சரியில்லை என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது, அந்த டிரான்ஸ்ஃபார்மருக்காக நான் பட்ட பாடு எனக்குத்தானே தெரியும்! மூன்று மணிக்கு டிரிப் முடித்து வந்த பாய், கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் குனிந்து பார்த்தார்.

“உள்ள பூராவும் சந்தனம் அப்பிக் கெடக்கு சார். இதுக்குள்ள எப்பிடிக் கரண்டு ஏறும்?”

மெக்கானிக் டீ குடிக்கப் போய்விட்டார். நான் தட்டை எங்கே ஒளிக்கலாம் என்று பார்த்தேன். எதிர்க் கடையிலிருந்து புது டூத் பிரஷ் வாங்கி வரச் சொல்லி, மெயினை அணைத்துவிட்டு, இன்ஜினியர் சொல்லச் சொல்ல பாய் பக்குவமாகச் சுத்தம் செய்தார். காய்ந்த பிறகு மாட்டினார்கள். பச்சை விளக்கு எரிந்தது. டெப்போவே கை தட்டியது.

இன்ஜினியருக்குப் பாயை ரொம்பப் பிடித்துப்போனது. கம்பெனி அழைத்து வந்த டிரைவர் வெளியூர்க்காரர், சீசன் கூட்டத்தைப் பார்த்ததும் மிரண்டிருந்தார். “ஒரு ரவுண்டு நீங்க ஓட்டிக் காட்டுங்க பாய், நான் பக்கத்துல இருக்கேன்” என்றார் இன்ஜினியர். பாய் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறினார். நான் அவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

நெரிசலில் வண்டி ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் அவருடைய இடது கால் தானாக எழும்பி, இல்லாத கிளட்சைத் தேடிவிட்டுத் திரும்பியது. மேலகரம் வரைக்கும் அப்படித்தான். அதற்கப்புறம் அந்தக் கால் அடங்கிவிட்டது. மெல்ல நீட்டி ஓரமாக வைத்துக்கொண்டார். குற்றாலத்தில் வண்டியைத் திருப்பியபோது, “சத்தமே இல்ல தங்கச்சி. அருவி விழுகது உள்ள இருந்தே கேக்கு” என்றார். டெப்போவுக்குத் திரும்பி வந்து இறங்கும்போது பார்த்தேன். காலைக் கையால் தூக்கவில்லை. இடது காலைத்தான் முதலில் கீழே வைத்தார்.

இறங்கிய சூட்டோடு இன்ஜினியரிடம் கேட்டார். “டிரெய்னிங் என்னைக்கு சார்? பேரு குடுக்கணும்லா?”

இன்ஜினியருக்கு ஒன்றும் புரியவில்லை. “டிரைவர் எல்லாம் எங்க ஆளுங்கதான் பாய், ஒப்பந்தத்துல அப்படித்தானே இருக்கு? உங்க ஊர் திருத்தம் வந்ததை எல்லாம் சேர்த்துட்டோம். சீட்டு, ஓட்டை, கூரை. டிரைவர் பத்தி எதுவும் வரலியே” என்றார். ஒளிவுமறைவு இல்லாமல், நல்ல மனுஷன் மாதிரித்தான் சொன்னார்.

பாய் என்னைப் பார்த்தார்.

“அந்தப் பக்கத்த வாசிச்சீங்களா?”

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. “வாசிச்சேன்ண்ணே.”

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு திட்டுத் திட்டியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன்.

“நனஞ்சு வாறவங்களுக்கு ஒரு பக்கம் எழுதினீங்க. நல்ல காரியந்தான். எனக்கு ஒரு வரி எழுதலையே தங்கச்சி.”

அன்றைக்கு ராத்திரியே எழுதினேன். அதற்கப்புறமும் எழுதினேன், ஒன்றல்ல, ஐந்து கடிதம். ஒப்பந்தம் முடிவான பின் திருத்தம் செய்ய இயலாது என்று ஐந்துக்கும் ஒரே பதில், தேதியை மட்டும் மாற்றி. பாய் பழைய வண்டியில் இன்னும் நான்கு மாதம் மிதித்தார். ஒரு நாள் ஐந்தருவியில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்க முடியாமல் ஸ்டேரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் சேர்ந்து தூக்கி இறக்கினார்கள். இனி பஸ் ஓட்டக் கூடாது என்று மருத்துவச் சான்று வந்தது. கேட்டில் ஒரு மேஜை போட்டுக் கொடுத்தோம்.

இப்போது மின்சார பஸ்கள் நன்றாகவே ஓடுகின்றன. சாயங்காலம் நானும் சார்ஜ் ஏறிய வண்டியில்தான் வீட்டுக்குப் போகிறேன். முந்தின டிரிப்பில் யார் நனைந்து உட்கார்ந்தார்களோ, அந்தத் தண்ணீரெல்லாம் ஓட்டை வழியாக வடிந்து சீட் காய்ந்திருக்கும். யாராவது என்னிடம் இந்த சீட்டைப் புகழ்ந்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கேட்டில் வண்டி நிற்கும். பாய் மேஜையைப் பிடித்து எழுந்து, நோட்டோடு மெல்ல நடந்து வந்து, வண்டி நம்பரையும் நேரத்தையும் எழுதிக்கொள்வார். ஜன்னலில் என்னைப் பார்த்தால் முகம் திருப்ப மாட்டார். பேனாவை மூடிக்கொண்டே நிமிர்ந்து பார்ப்பார்.

“போயிட்டு வாங்க மேடம்.”